ஆறாத எஞ்சின்

“அண்ணி, மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. போனதும் பானெட் மேல கைய வைங்க.”

“கைய வச்சா?”

“சில்லுனு இருக்கணும். சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஆறிப்போன எஞ்சின்தான் அண்ணி உண்மை பேசும். புகை, தட்டுற சத்தம், திணறல் எல்லாம் முதல் ஸ்டார்ட்லதான் வெளிய வரும். சூடு பண்ணி வைக்கறதுங்கறது, மாத்திரை போட்டு காய்ச்சல எறக்கிட்டு டாக்டர்கிட்ட போய் நிக்கிற மாதிரி.”

“சரி, சூடா இருந்துச்சுன்னா?”

“திரும்பிப் பாக்காம வந்துடுங்க.”

கொழுந்தன் போனில் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். கொழுந்தன் என்றால் கணவனின் சித்தப்பா மகன். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு அதற்குள் மூக்கை நுழைத்து, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று முகர்ந்து சொல்வான். அதனால் அவனுக்கு மோப்பம் என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான்.

இந்த வேலையை அவன் அண்ணனிடம் விடாமல் அண்ணியிடம் ஒப்படைத்ததில் அர்த்தம் இருந்தது. அண்ணன் வண்டியைப் பார்த்ததும் மயங்கிவிடுவான். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து கிளெய்ம்களைச் சரிபார்க்கிறவள். சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவளுடைய கணவன் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். “நாள் முழுக்க மேலயும் கீழயும் போய்ட்டு வர்றேன். வாழ்க்கைல கொஞ்சமாவது நேரா, வேகமா போக வேண்டாமா?” என்பான். வேகமான கார் ஒன்று வேண்டும் என்பது அவனுடைய வாலிபக் கனவு. நல்லவன். சமைப்பான், மகளுக்குத் தலை பின்னிவிடுவான், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் வேறு ஆள்.

கல்யாணமான புதிதில் அவளை முதன்முதலாகக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தபோது, “பயமா இருக்கா?” என்று கேட்டான். அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து, “என் பொண்டாட்டிக்குப் பயம்னா என்னன்னே தெரியாது,” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். பெருமையாகக் கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்க நினைத்த ஒரே ஒரு வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

சமீபத்தில் ஒருநாள் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த மகளும், உதட்டைக் கடித்துக்கொண்டு, முன் இருக்கையின் முதுகைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அதைவிட வேகமான வண்டி வாங்கப் போகிறார்கள். வண்டியில் ஏதாவது ஒரு குறை கிடைத்தால் போதும். தானாகவே வேண்டாம் என்று ஆகிவிடும். அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

குறை தேடித்தான் கிளம்பினாள்.

*

சரிவான தெரு ஒன்றின் கடைசி வீடு. முன்பக்கம் பல் மருத்துவமனை. போர்டில் பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, துணி போட்டு மூடியிருந்தது. காரை விற்கிறவர் அந்தப் பல் டாக்டர். தேய்த்த சட்டை, சுத்தமான விரல்கள், மெதுவான பேச்சு.

“வாங்க தம்பி. வாங்கம்மா. வண்டி பின்னாடி இருக்கு.”

அவர் குனிந்து கேரேஜ் ஷட்டரைத் தூக்கினார். அது முனகிக்கொண்டே மேலே போனது. ஓரத்தில் கட்டியிருந்த சிலந்திவலை கிழிந்து தொங்கியது. அதை அவள் கவனித்தாள். ரொம்ப நாளாக யாரும் இதைத் திறக்கவில்லை.

உள்ளே இருட்டு. ரப்பர் வாசனை, தூசி வாசனை, மருத்துவமனைக் கிராம்பு எண்ணெய் வாசனை. அவற்றுக்கு நடுவே, இப்போதுதான் நறுக்கியதுபோல எலுமிச்சம்பழ வாசனை.

கரும்பச்சை நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது கார். கணவன் மூச்சை உள்ளே இழுத்தது அவளுக்குக் கேட்டது.

“பல் டாக்டர் வண்டி இல்ல? எப்படி பளபளன்னு இளிக்குது பாரு,” என்று கிசுகிசுத்தான்.

அவள் நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சூடு.

வெயில் பட்ட சூடு இல்லை. இங்கே வெயிலே வருவதில்லை. காய்ச்சலில் படுத்திருக்கிறவரின் நெற்றியைத் தொட்டதுபோல, உள்ளேயிருந்து வருகிற சூடு.

“காலைல ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?”

“இல்லம்மா. நீங்கதான் போன்ல சொன்னீங்களே, தொட வேண்டாம்னு.”

“நேத்து?”

“என் மனைவி போனதுக்கப்புறம் நான் இதை ஓட்டவே இல்லம்மா.”

சொல்லிவிட்டு அவரும் பானெட்டைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைத்தான் அவள் பார்த்தாள். பொய் சொல்லுகிற கிளெய்ம்காரர்கள் நிறையப் பேரை அவள் பார்த்திருக்கிறாள். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை மறைப்பவர்களின் முகம் அது.

மனசுக்குள் அவளுக்குச் சின்னதாக ஒரு நிம்மதி. குறை கிடைத்துவிட்டது.

*

மோப்பம் வந்து சேர்ந்ததும் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஆனாலும் வேலையை ஆரம்பித்தான். பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியைக் கதவு, கூரை, டிக்கி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தான். எங்கேயும் மறுபூச்சு இல்லை. டயர்கள் நாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஸ்கேனரைச் செருகினான், யாரும் எஞ்சினின் புரோகிராமை மாற்றிக் கூடுதல் சக்தி ஏற்றவில்லை. கதவின் ரப்பரை உரித்து, உள்ளே இருக்கும் வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தான். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தான்.

“ஒரு தடவகூட இடிச்சதில்ல. தண்ணில நின்னதில்ல,” என்று அவர்களைத் தனியே அழைத்துச் சொன்னான். “அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. இந்த மாதிரி பறக்கற வண்டிய வாங்கறோம்னா, வண்டிய மட்டும் வாங்கறதில்லண்ணா. முன்னாடி வச்சிருந்தவரோட பழக்கத்தையும் சேத்துதான் வாங்கறோம். கியர்லயும் கிளட்ச்லயும் அது உக்காந்திருக்கும். இவ்ளோ சுத்தமா இருக்கற வண்டிய எதுக்குச் சூடு பண்ணி வைக்கணும்? பெருசு ஏதோ ஆட்டம் ஆடுது.”

“ஏன்டா, பாவம்டா அவரு.”

“பாவம்னு பாத்தா நான் பஞ்சர்தான் ஒட்டணும். இருங்க, ஒரு வேல பண்றேன்.”

அவன் பேட்டரியின் ஒயரைக் கழற்றி, நுனியில் சிவப்பு டேப்பை இறுக்கமாகச் சுற்றினான். அதன் மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டான். “சார், சாவி ரெண்டையும் நான் எடுத்துட்டுப் போறேன். ஷட்டர் சாவியும் வேணும். நாளைக்கு எஞ்சின் ஆறினதும் வந்து கோல்ட் ஸ்டார்ட் பாத்துட்டு சொல்றோம்.”

எதிர்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். டாக்டரோ மூன்று சாவிகளையும் உடனே எடுத்து நீட்டினார். எப்போது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர்போல.

ஆண்கள் மூவரும் எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அதுதானே அவளுடைய இடம். எலுமிச்சை வாசனை அங்கே இன்னும் அடர்த்தியாக இருந்தது. பழக்கதோஷத்தில் அவளுடைய இடது கை இருக்கையின் விளிம்புக்கு அடியில் போயிற்று.

விரல்கள் எதிலோ பதிந்தன.

குனிந்து பார்த்தாள். தோலில் பிறை பிறையாகக் குழிகள். நகக்குழிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, வருஷக்கணக்காக அதே இடத்தில் அழுந்தி அழுந்தி உண்டானவை. அவளுடைய நான்கு விரல்களும் அந்தக் குழிகளில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன.

பிறகு காலடியைப் பார்த்தாள்.

ஓட்டுநர் பக்கத்து மிதியடி புதிதுபோல இருந்தது. இந்தப் பக்கத்து மிதியடியில், வலது கால் படுகிற இடத்தில், ஒரு குதிகால் அளவுக்குத் துளை. கீழே இருந்த கார்ப்பெட்டும் தேய்ந்து நூல் நூலாகத் தெரிந்தது.

மோப்பம் இதைப் பார்த்திருந்தாலும் அவனுக்குப் புரிந்திருக்காது. அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

“அது அவ இடம்,” என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. டாக்டர் நின்றுகொண்டிருந்தார். “எங்க போனாலும் கூட வருவா. எவ்ளோ வேகமா போனாலும் ஒரு வார்த்த சொல்ல மாட்டா. தைரியசாலி. எங்க சொந்தத்துலயே எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க.”

“எலுமிச்சம்பழம்...”

“ஆமாம்மா, எப்பவும் கையில வச்சிருப்பா. வாசனை பிடிக்கும்பா.”

வாசனைக்காக இல்லை டாக்டர், குமட்டலை அடக்க. அவள் அதைச் சொல்லவில்லை.

“அவங்க எப்படி...?”

“மலையிலேருந்து எறங்கி வந்துட்டிருந்தோம். வளைவு வளைவா ரோடு. ரொம்ப நல்லா ஓட்டினேன் அன்னிக்கு. தலைய ஜன்னல்ல சாச்சிருந்தா. தூங்கறான்னு நினைச்சேன். நம்ம மேல எவ்ளோ நம்பிக்கை பாருன்னு... வீட்டு வாசல்ல நிறுத்திட்டுதான் எழுப்பினேன்.” அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “நெஞ்சு எப்பவோ நின்னு போயிருக்கு. வலது கால் மட்டும் முன்னாடி நீட்டி விறைச்சுப் போயிருந்துச்சும்மா. மடக்கவே முடியல. அது ஏன்னுதான் எனக்கு இன்னிவரைக்கும் புரியல.”

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

*

அன்று மாலை வீடே கலகலப்பாக இருந்தது. “கரும்பச்சை கார்! ஜன்னல் பக்கம் எனக்கு!” என்று மகள் குதித்தாள். “ஜன்னல் உனக்கு, ஸ்டியரிங் எனக்கு, பில்லு அம்மாவுக்கு,” என்றான் கணவன். பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினான். அவள் துண்டோடு பக்கத்தில் நின்று, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“என்னங்க...”

“ம்?” அவன் திரும்பினான். கன்னத்தில் சோப்பு நுரை. கண்களில் சின்னப் பையனின் மினுமினுப்பு.

“ஒண்ணுமில்ல. மூஞ்சில நுரை.”

துடைத்துவிட்டாள். தொண்டையில் அந்த வார்த்தை மீன்முள்போலக் குத்தி நின்றது. இன்னொருத்தியும் இப்படித்தான் ஒவ்வொரு மாலையும் துடைத்துவிட்டிருப்பாள் என்று தோன்றியது.

*

மறுநாள் காலை மோப்பம்தான் பூட்டைத் திறந்தான். ஷட்டர் மேலே போனது. தூசியில் முந்தின நாள் பதிந்த அவர்களுடைய செருப்புத் தடங்கள் அப்படியே இருந்தன. புதிய தடம் ஒன்றுகூட இல்லை.

அவன் சிரித்துக்கொண்டே பானெட் மேல் கையை வைத்தான்.

சிரிப்பு நின்றது.

நேற்றைவிடச் சூடு. கேரேஜுக்குள்ளேயே வெதுவெதுப்பு. எங்கோ உள்ளே உலோகம் ‘டிக்... டிக்...’ என்று சுருங்குகிற சத்தம். நெடுந்தூரம் ஓடிவிட்டு இந்த நிமிஷம்தான் நின்ற வண்டியில் கேட்கிற சத்தம்.

மோப்பம் பானெட்டைத் திறந்தான். பேட்டரியின் ஒயர் கழன்றேதான் கிடந்தது. சிவப்பு டேப் சுற்றியபடி. அதன் மேல் அவன் கையெழுத்து.

“என்னடா?” என்றான் கணவன்.

“ஒண்ணுமில்லண்ணா.”

“ஏன்டா உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? வேற பேட்டரி வச்சு ஓட்டியிருப்பாரு. தனியா இருக்கற மனுஷன், ஆச இருக்காதா?”

“சாவி என் தலகாணிக்கு அடியில இருந்துச்சுண்ணா.”

டாக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். “ஆற மாட்டேங்குதும்மா. அன்னிக்கு வீட்டு வாசல்ல நிறுத்தினதுலேருந்து. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். வேற யாராவது ஓட்டினா ஒருவேள...” முடிக்கவில்லை.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மற்றக் கண்ணாடிகளெல்லாம் தெளிவாக இருந்தன. பக்கத்து இருக்கையின் ஜன்னலில் மட்டும், சாய்ந்த தலை படுகிற உயரத்தில், உள்பக்கம் வட்டமாக ஆவி படிந்திருந்தது.

அது சுருங்கியது.

மறுபடி விரிந்தது.

மறுபடி சுருங்கியது.

“அண்ணி,” என்றான் மோப்பம். பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். “வண்டில ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்குப் பிடிக்கல. வாங்காதீங்க.”

“குறை இல்லன்னு நீயே சொல்ற, அப்புறம் என்னடா பிடிக்கல? நாத்தம் ஏதாவது வருதா?” கணவன் சாவியை வாங்கிக்கொண்டான். “ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஏறு.”

“நான் இங்கயே நிக்கறேன். உள்ள உக்கார மாட்டேன்.”

“சரியான பயந்தாங்கொள்ளி. என் பொண்டாட்டியப் பாத்துக் கத்துக்கடா. நீ வா.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஆவி இல்லை. வெறும் கண்ணாடி. அவன் ஏற்கெனவே உட்கார்ந்து, அவளுக்காகக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டிருந்தான். டாக்டர் குறுகலான பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவளும் ஏறினாள். இன்றைக்கும் வாய் வரவில்லை.

*

தொட்டதும் எஞ்சின் உறுமியது. திணறல் இல்லை, புகை இல்லை. தெருச் சரிவில் இறங்கி, கடைகளைத் தாண்டி, ஆளில்லாத புறவழிச் சாலையில் ஏறியதும் அவன் மிதித்தான்.

முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. சாலையோர மரங்கள் ஒரே பச்சைக் கோடாகக் கரைந்தன.

“எப்படிப் பறக்குது பாத்தியா!”

அவளுடைய இடது கை இருக்கையின் விளிம்பைப் பற்றியது. நகங்கள் அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்தன. வலது கால் தானாக முன்னால் நீண்டு, மிதியடியின் துளையில் ஊன்றியது.

அங்கே ஏற்கெனவே ஒரு கால் இருந்தது.

செருப்புக்கு அடியில், சில்லென்று, விறைத்து, நீண்டு. அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அதன் ஜோடிப் பாதம் மேலேயிருந்து அழுத்தியது. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் அவள் கால். சேர்ந்து மிதித்தன.

வண்டி வேகமெடுத்துக்கொண்டே இருந்தது.

எலுமிச்சை வாசனை மூக்கை அடைத்தது. சீட் பெல்ட் இறுகியது. தோளுக்கும் ஜன்னலுக்கும் இடையே யாரோ நெருங்கி உட்கார்ந்திருப்பதுபோன்ற கனம். கன்னத்துக்கு அருகே, நின்று நின்று வருகிற மூச்சு. தூரத்தில் முதல் வளைவு தெரிந்தது.

கணவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை வருஷம். மலைப்பாதையில் அந்த மனிதரும் இப்படித்தான் சிரித்திருப்பார், பக்கத்தில் ஒருத்தியின் நெஞ்சு நிற்பது தெரியாமல். நாளைக்கு இந்த இருக்கையில் மகள் வளர்ந்து வந்து உட்காருவாள். அவள் விரல்களும் இந்தக் குழிகளில் பொருந்தும்.

கூடாது.

‘என்னங்க’ என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள்.

“அத்தான்.”

அந்த வார்த்தையை வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அத்தானா? என்ன மேடம், வண்டி ஏறினதும் காதல் பொங்குது?”

பின் இருக்கையில் மூச்சு அடைக்கிற சத்தம் கேட்டது. சுத்தமான, வயதான விரல்கள் அவளுடைய இருக்கையின் முதுகைப் பற்றின.

“யாரு... யாரு அப்படிக் கூப்பிட்டது? அவ மட்டும்தானே...” டாக்டரின் குரல் குழந்தையின் குரல்போல ஆகிவிட்டிருந்தது. “அம்மாடி, நீயா? என்னம்மா வேணும்? சொல்லும்மா.”

கணவனின் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் முகம் நனைந்திருந்தது. நெற்றி ஜன்னலில் சாய்ந்திருந்தது. கண்ணாடியில் அவள் மூச்சு படிந்த வட்டத்துக்குப் பக்கத்தில், இன்னொரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

வளைவு நெருங்கியது. தொண்டை முள் நகர்ந்தது. வந்த குரல் தன்னுடையதா, பக்கத்தில் இருப்பவளுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தன்னுடையது என்று தெரிந்தது.

“எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எப்பவுமே பயமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் மெதுவாப் போங்களேன்.”